வலது கீழ் மூலை

ஆபீஸில் அவருக்குக் ‘கல்வெட்டு’ என்று பெயர். பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு முன்னாலேயே சொல்வார்கள். வெப்சைட் என்றால் என்னவென்று விளக்கிச் சொன்னால்தான் புரியும் என்றிருந்த காலத்தில் அந்த வேலைக்கு வந்தவர். அப்போது அவர் எழுதிய நிரல்கள் சில கம்பெனியின் அடிவயிற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தொட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாததால் யாரும் தொடுவதில்லை. அதனால் வந்த பெயர் அது. அவருக்கு அதில் கோபமில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கோபமெல்லாம் கூட்டங்களின் மேல்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது மேலாளர் எல்லோரையும் உட்காரவைத்து, அடுத்து எதை மாற்றலாம் என்று கேட்பார். எதற்கு மாற்ற வேண்டும் என்று மட்டும் கேட்கமாட்டார்.

“ஓடுற வண்டிய எதுக்குத் தம்பி பிரிச்சு மாட்டணும்?” என்று கல்வெட்டு ஒருமுறை கேட்டே விட்டார்.

“சார், மூணு மாசம் ஒண்ணுமே மாறலைன்னா நாம செத்துட்டோம்னு நினைச்சிடுவாங்க சார்.”

“யாரு? வாங்குறவங்களா, உங்க மேல இருக்கறவங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளரும் நல்ல பிள்ளை, அவரும் சிரித்தார். பிறகு கல்வெட்டு எழுந்து நின்று பேசினார். ஒரு பட்டன் எங்கே இருக்கிறது என்று கை கற்றுக்கொள்கிறதே, அந்தப் பழக்கம் நம்முடைய சொத்து இல்லை, வாடிக்கையாளருடைய சொத்து, அதில் கை வைக்க நமக்கு உரிமை கிடையாது என்றார். நன்றாகத்தான் பேசினார். பேசி முடித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய், இடது பக்கம் இருந்த பட்டன்களை வலது பக்கம் அவரே மாற்றினார். அந்த வேலையை அவர் அளவுக்குச் சுத்தமாகச் செய்ய அங்கே வேறு ஆள் இல்லை. சம்பளம் வாங்குகிறவன் வேறு என்ன செய்வான்?

இப்படி மாற்றி மாற்றியே தலை நரைத்தவர். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, கைக்கும் அதுதான். முடிந்துபோன ஒரு வேலையைப் பார்த்தால் அதை இன்னும் கொஞ்சம் நன்றாக்கலாமே என்று அவர் கை அரிக்கும். ஊருக்கு உபதேசம் செய்கிறவருக்குத் தன் கையில் இருந்த அரிப்பு தெரியவில்லை.

அவருக்கு ஒரே அக்கா. அம்மா போனபிறகு வளர்த்தவளும் அவள்தான், அதட்டியவளும் அவள்தான். அவருடைய கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து ஓய்ந்தவளும் அவள்தான். வாய் என்றால் அப்படி ஒரு வாய். போன் எடுத்தால் வைக்கமாட்டாள், எடுக்காவிட்டால் வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளுவாள். எழுத்துக்கூட்டித் தட்ட அவளுக்குப் பொறுமை கிடையாது. குழாயில் தண்ணீர் வராதது, முழங்கால் வலி, பக்கத்து வீட்டுக்காரி திருப்பித் தராத பாத்திரம் என்று எல்லாம் அவர் போனில் குரலாகக் கிடந்தது. பாதியை அவர் கேட்டதே இல்லை. அழிக்கவும் இல்லை. பாசத்தால் அல்ல, சோம்பேறித்தனத்தால்.

அந்த வாய்தான் ஒரு காலையில் கோணிக்கொண்டது. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு அடியோடு போய்விட்டது, எழுத்தைப் படிப்பதும் போய்விட்டது. அத்தான் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் தொலைவில் ஒரு ஊரில் வேலை, இரண்டு கைக்குழந்தை என்று திண்டாடிக்கொண்டிருந்தாள். கல்வெட்டு யாரையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் வீட்டுக்கு அக்காவைக் கூட்டிவந்துவிட்டார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை ஏற்பாடு செய்தார். மாலையில் வந்து அவரே பார்த்துக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா ஒரு அட்டை தந்திருந்தார். டம்ளர், தட்டு, கட்டில் என்று படம் போட்ட அட்டை. வேண்டியதை அக்கா விரலால் தொட்டுக்காட்ட வேண்டும். அக்கா அதைப் பார்த்த பார்வையே சொல்லிவிட்டது. வாழ்நாளெல்லாம் வாயால் வாழ்ந்தவளிடம் ஊமைப் படங்களைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

அப்போதுதான் அவருக்கு அந்தக் குரல்கள் நினைவுக்கு வந்தன. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய மெசேஜ்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க அழுகை வந்தது, இடையிடையே சிரிப்பும் வந்தது. ‘தண்ணி’ என்ற சொல் குழாய்க்காரனைத் திட்டிய மெசேஜிலிருந்து கிடைத்தது. ‘வலிக்குது’ முழங்கால் புராணத்திலிருந்து. ‘நீ போ’ ஏதோ ஒரு பயணத்தின்போது, “நீ போ, நான் பின்னாடியே வர்றேன்” என்று சொன்னதிலிருந்து. அவர் அவள் வீட்டுக்குப் போய் வாசலோடு திரும்பிவிட்ட ஒரு நாளில், வழியெல்லாம் திட்டி மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதிலிருந்து முழுதாக ஒரு வரி கிடைத்தது. “கொஞ்ச நேரம் உக்காருடா, அப்படி என்ன அவசரம்.”

ஒன்பது சொற்கள் தேறின. ஒரு டேப்லெட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம். கட்டத்தைத் தொட்டால் அக்காவின் குரலிலேயே சொல் வரும். ‘உக்காருடா’ கடைசியாகக் கிடைத்ததால் கடைசிக் கட்டத்தில், வலது கீழ் மூலையில் போட்டார்.

அதை முதன்முதலாக மடியில் வைத்த மாலையில் அக்கா தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டாள். பிறகு கோணிய வாயால் சிரித்தாள். இடது கை விரலால் ஒன்பதையும் மாற்றி மாற்றித் தட்டினாள். வீடு முழுக்கத் தண்ணி, வலிக்குது, பசிக்குது என்று ஒரே அமர்க்களம். அவர் அடுப்பைப் பார்க்க எழுந்தார். “கொஞ்ச நேரம் உக்காருடா, அப்படி என்ன அவசரம்.” உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மறுபடியும் அதே குரல். அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பு அணைந்தது. அவர் கவலைப்படவே இல்லை.

அவர் கட்டிய தளங்களை எத்தனையோ லட்சம் பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முகத்தையும் அவர் பார்த்ததில்லை. இதற்கு ஒரே ஒரு ஆள், அந்த ஆள் இவரைப் பார்த்துச் சிரித்தது. இத்தனை வருஷம் செய்ததில் உருப்படியான வேலை இது ஒன்றுதான் என்று தோன்றியது. தினமும் மாலையில் எழப்போகும்போதெல்லாம் அவள் அதை அமுக்குவாள். அவர் உட்காருவார். இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம்.

ஆபீஸுக்குச் சேர்ந்தாற்போல் சில நாள் விடுமுறை வந்தது. கை அரித்தது. அக்கா அதிகம் அமுக்குவது எது என்று பார்த்தார். சந்தேகமே இல்லாமல் ‘உக்காருடா’தான். பார்த்ததும் மனம் கரைந்துபோனது. தண்ணீரைவிட, சோற்றைவிட என்னைத்தான் கேட்கிறாள். இதைப் போய் ஒரு மூலையில் போட்டுவைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. முக்கியமானது நடுவில் இருக்க வேண்டும், பெரிதாக இருக்க வேண்டும் என்பது தொழிலின் பாலபாடம். வலது கீழ் மூலை முடித்துக்கொள்வதற்கான இடம். ‘சரி’, ‘மூடு’, ‘வெளியேறு’ பட்டன்கள் எல்லாம் அங்கேதான் வரும். ஆகவே ‘உக்காருடா’ நடுக்கட்டத்துக்குப் போனது, நாற்காலிப் படத்தோடு. நடுவில் இருந்த ‘நீ போ’ மூலைக்கு வந்தது. தூக்கம் வந்தால் சொல்வதற்கு. மற்ற கட்டங்களை அவர் தொடவில்லை.

“அக்கா, புதுசு பண்ணியிருக்கேன் பாரு” என்று சொல்லி, அவள் விரலைத் தானே பிடித்து நடுக்கட்டத்தில் வைத்து அமுக்கினார். அவள் குரல் கேட்டது. அவள் சிரித்தாள். சோதனை முடிந்தது. ஆபீஸில் ஒரு பொடியன் இப்படிச் சோதித்துவிட்டு வந்து நின்றிருந்தால், “விரலைப் பிடிச்சு நீயே அமுக்குறதுக்குப் பேரு டெஸ்டிங்கா?” என்று கடித்துக் குதறியிருப்பார்.

அன்று மாலை அவர் எழுந்தபோது டேப்லெட் சொன்னது, “நீ போ.”

“தூக்கம் வருதாக்கா? சரி, தூங்கு” என்று விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தார். புதுப் பட்டன் அன்றைக்கே பயன்பட்டுவிட்டதில் ஒரு திருப்தி வேறு.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். எழுந்தால் போதும், “நீ போ” என்று வரும். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தும்போது உள்ளே அவள் விசும்புவது கேட்கும். இந்த நோயில் காரணமில்லாமல் அழுகை வரும், சிரிப்பு வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை நினைத்துக்கொள்வார். ஒருநாள் அவள் விடாமல் அமுக்கினாள். “நீ போ. நீ போ. நீ போ.” அவருக்கு ஆபீஸில் அன்று வேறு ஏதோ வாக்குவாதம்.

“அதான் போறேன்னு சொல்றேன்ல! எத்தனை வாட்டிதான் விரட்டுவ?” என்று கத்திவிட்டார்.

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. சாப்பிடாமல் படுத்தார். பெற்ற தாயைப் போல வளர்த்தவளுக்கே தன் முகம் பிடிக்காமல் போய்விட்டது என்றால் அப்படி என்ன செய்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

அதன் பிறகு அக்கா எதையும் அமுக்குவதைக் குறைத்துக்கொண்டாள். “மத்தியானமெல்லாம் அதத் தொடறதே இல்லைங்க, சுவத்தப் பாத்துப் படுத்துக்கறாங்க” என்றாள் பகலில் இருக்கும் அம்மாள்.

அக்கா மகள் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவர். குழந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு அவர் டீ போட எழுந்தார். “நீ போ.”

மருமகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சமையலறைக்குப் பின்னாலேயே வந்தாள்.

“தினமும் இப்படித்தான் சொல்றாங்களா மாமா?”

“ஆமாம்மா.”

“உங்கமேல தப்பு சொல்லல மாமா. நீங்க பண்ற மாதிரி யாரும் பண்ணமாட்டாங்க. ஆனா அம்மாவுக்கு இங்க மனசு ஒட்டலையோ என்னவோ. எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. நானும் தினமும் போய்ப் பாத்துக்குவேன்.”

வேண்டாம் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அவள் எதற்கு இங்கே இருக்க வேண்டும்? அவளே போ போ என்கிறாளே. நாம்தான் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது யாருக்காக?

“அவளுக்கு எது நல்லதோ அதைச் செய்வோம்மா” என்றார். டீயில் சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டார்.

இல்லம் சுத்தமாகத்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிறுத்துகிற இடம், உள்ளே பினாயில் வாசம், இரண்டு கட்டில். ஒன்று காலி. மருமகள் கீழே அலுவலக அறையில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் அக்காவின் துணிமணிகளை அலமாரியில் அடுக்கினார், சீப்பை எட்டுகிற இடத்தில் வைத்தார், டேப்லெட்டை மடியில் வைத்தார். காலையிலிருந்து பயணம் என்பதால் அதில் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. ஊசிமுனை வெளிச்சம்கூட இல்லாத கறுப்புக் கண்ணாடி. சார்ஜர் பையின் அடியில் எங்கேயோ இருந்தது.

“அப்ப நான் வரட்டுமாக்கா?” என்று எழுந்தார்.

அக்காவின் இடது கை நகர்ந்தது. விரல் டேப்லெட்டின் கீழ் விளிம்பைத் தொட்டு, அதைத் தடவிக்கொண்டே வலப்பக்கமாகப் போனது. மூலை வந்ததும் நின்றது. அமுக்கியது. கறுப்புக் கண்ணாடி பேசவில்லை. மறுபடி அமுக்கியது.

அத்தனை நாளும் அவள் அமுக்கும்போதெல்லாம் அவர் திரையைத்தான் பார்த்திருந்தார். கட்டம் நிறம் மாறுகிறதா, குரல் தடங்கலில்லாமல் வருகிறதா என்று. பிழைப்பு அது. இன்று திரையில் பார்க்க ஒன்றும் இல்லாததால் விரலைப் பார்த்தார். பிறகு அவள் கண்ணைப் பார்த்தார். அவள் டேப்லெட்டின் பக்கம் திரும்பவே இல்லை. பார்வை முழுக்க இவர் முகத்தில் இருந்தது. அவள் எந்த நாளும் படத்தைப் பார்த்து அமுக்கியவள் இல்லை. விளிம்பைத் தடவி, மூலையைக் கண்டுபிடித்து, இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அமுக்கியவள்.

அந்த மூலையில் என்ன இருந்தது என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

காலிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் உக்காருடா என்றுதான் அவள் ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கிறாள். சொல்லச் சொல்ல இவர் விளக்கை அணைத்திருக்கிறார். சொல்லச் சொல்லக் கதவைச் சாத்தியிருக்கிறார். மூன்று முறை விடாமல் கெஞ்சினாளே, அன்றைக்கு அவளைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். தன் குரலே தனக்கு எதிராகப் பேசியதைக் கேட்டுக்கொண்டு, இல்லை என்று சொல்ல வாயில்லாமல் அவள் படுத்திருந்திருக்கிறாள். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வயசுக்கும் நரைக்கும் பொருந்தாத அழுகை. ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து வராந்தாவில் போன நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மருமகள் மேலே வந்தபோது அவர் பைகளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சார்ஜரைத் தேடிக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா, என்ன ஆச்சு?”

“அவ என்னைப் போன்னு சொல்லலம்மா. உக்காருன்னு சொன்னா. நான்தான் இடத்தை மாத்தி வச்சுட்டேன். நான்தாம்மா மாத்தினேன்.”

அவர் சொன்னது அவளுக்கு முழுதாகப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கீழே போய், கொடுத்த கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டாள்.

அங்கேயே சார்ஜரை மாட்டி உட்கார்ந்து அவர் பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டார். ஒரு நிமிஷ வேலை. இத்தனை நாள் துக்கத்தையும் தீர்க்க ஒரு நிமிஷ வேலைதான் தேவைப்பட்டிருக்கிறது. டேப்லெட்டை அக்காவின் மடியில் வைத்து, “இப்ப அமுக்குக்கா” என்றார். அவள் அமுக்கவில்லை. அவரே மூலையை அமுக்கினார்.

“கொஞ்ச நேரம் உக்காருடா, அப்படி என்ன அவசரம்.”

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள், அவை எழுந்து போகின்றனவா என்று.

மறுநாளே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். அந்த அறை, அந்தக் கட்டில், பகலில் அதே அம்மாள். கல்வெட்டு மேலாளரிடம் சொல்லிவிட்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார், அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுக்கொண்டு. அந்த டேப்லெட்டில் அவர் ஒரு புள்ளியைக்கூட மாற்றுவதில்லை. அக்கா மறுபடி அதைத் தொட ஆரம்பித்துவிட்டாள். தண்ணி கேட்கிறாள், வலிக்குது என்கிறாள், ஃபேனைப் போடச் சொல்கிறாள். மூலையை மட்டும் தொடுவதில்லை. விரல் கீழ் விளிம்போடு போகும், மூலைக்குச் சற்று முன்னால் நிற்கும், வந்த வழியே திரும்பிவிடும்.

பரவாயில்லை என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அவள் கேட்காமலேயே உட்கார்ந்திருக்கிறோமே, அது போதாதா? ஆனால் மனிதன் என்றால் எழுந்துதானே ஆக வேண்டும். வாசலில் மணி அடிக்கும். அடுப்பில் எதையாவது வைத்திருப்பார். “இதோ வந்துடறேன்க்கா” என்று சொல்லிக்கொண்டே எழுவார். அப்போது அக்கா அவசர அவசரமாக இடது கையை டேப்லெட்டிலிருந்து எடுத்து, விரல்களை விரித்து அவருக்கு நேராகத் தூக்கிக் காட்டுவாள். நான் எதையும் அமுக்கலையே, ஏன் போற என்று கேட்பதுபோல. அவர் திரும்பி வந்து உட்காரும்வரை கை அப்படியே நிற்கும்.